கரையில் நிற்கும் அடையாளங்கள்

காசிமேடு, ராயபுரம்
20 ஏப்ரல் 1942

அன்புள்ள பதுரு,

இந்தக் கடிதத்தைப் பிரிப்பாயோ, அப்படியே அடுப்பில் போடுவாயோ தெரியாது. பிரித்தால் கடைசி வரை படித்துவிடு. பாதியில் நிறுத்தினால் நான் சொல்ல வந்தது தலைகீழாகப் போய்விடும்.

நீங்கள் ஆம்பூருக்கு ரயிலேறிப் பத்து நாள் ஆகிறது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதி ராயபுரம் காலி. நம் பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். நாம் உட்காரும் வேப்பமரத்தடியில் இப்போது மணல் மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. நாங்களும் எங்காவது போகலாமா என்று கேட்டதற்கு நைனா, “கடலெத் தூக்கிகினு எங்கடி போறது?” என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. உன் அத்தாவைத் துறைமுகத்துப் பக்கம் பார்த்தேன். கப்பல் பாய் தைக்கிற வேலை குறையவில்லையாம். வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாராம். உன்னைப் பற்றிக் கேட்டேன். “கடுதாசி போடும்மா” என்றார்.

ரயிலடியில் நீ என்னைப் பார்த்தும் பார்க்காதது போல நின்றாய். ஏன் என்று எனக்குத் தெரியும். உன் தம்பி யூசுப் இறந்த நாற்பதாம் நாளன்று நான் வந்தபோது உன் அம்மா அவன் சட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தார். என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “கடவுள் தாய் மாதிரி அம்மா. யூசுபை அவர் மடியிலே வெச்சிருப்பார்” என்றேன். அவர் கை அப்படியே நின்றது. நீ என்னை வாசல் வரை இழுத்துக்கொண்டு போய், “போடி” என்றாய்.

பதுரு, நான் என்ன தப்பாகச் சொன்னேன்? தாமரை முகம் என்று படிக்கிறோமே, முகத்துக்குத் தண்டும் சேறும் உண்டு என்றா அர்த்தம்? பொதுவாக இருக்கும் ஒரு தன்மையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். நான் எடுத்தது அன்பை மட்டும்தான். இதை உன் அம்மாவுக்கு நீயே எடுத்துச் சொல்லலாம். நீ வகுப்பில் என்னைவிட இரண்டு மார்க் கூட வாங்கினவள்.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன்
சிவந்தி


786
ஆம்பூர்
29 ஏப்ரல் 1942

சிவந்திக்கு,

திட்டியாவது போடு என்றாய். போடுகிறேன்.

நீ போன பிறகு அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? “தாயாம். தாய்னா இன்னொரு தாய் மடியிலேருந்து புடுங்குவாளா? என்னெ ஒரு வார்த்தை கேட்டாளா அவ?” அல்லாஹ்வை ‘அவ’ என்று சொன்னாள், சிவந்தி. இங்கே வந்தும் அதே பேச்சுதான். என் பெரியம்மா, “தௌபா, தௌபா” என்று காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். பொத்திக்கொண்டே ஓடியதில் நிலைப்படியில் இடித்துக்கொண்டாள். வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

அன்று முதல் அம்மா தொழுவதில்லை. பாங்கு சத்தம் கேட்டால் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுகிறாள். “எம் புள்ளெய வெச்சிருக்கிறவகிட்டே நான் எதுக்குப் போய் நிக்கணும்?” என்கிறாள். ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். என்னிடம் பேசுவதில்லை. நான் உயிரோடு இருக்கிற பிள்ளை, அதனால் என்னைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

அவளுக்கு இலக்கணம் எழுதி அனுப்பாதே. முகமும் வேண்டாம், தாமரையும் வேண்டாம், அவளுக்குப் பிள்ளை இல்லை. பொதுவான தன்மையை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும் என்கிறாயே, அவள் எதை விடுவாள்? அவளுக்குத் தாய் என்றால் என்ன என்று முழுவதும் தெரியும். நமக்குத்தான் ஒரு துளி தெரியும்.

எங்கள் மார்க்கத்தில் அவனுக்கு ஒப்பே இல்லை. நீ அதைச் சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அம்மா பழையபடி ஆக வேண்டும். அவளை இப்படி ஆக்கியது உன் வாய். என்ன செய்யப் போகிறாய்?

பதுருன்னிசா


காசிமேடு
6 மே 1942

அன்புள்ள பதுரு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். உன் அம்மா பக்கத்திலிருந்து நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. என் பெயருக்கு நேரே எவ்வளவு மார்க் போட்டாலும் அதில் நான் பூஜ்யம்தான்.

ஆனால் அழுதுகொண்டு உட்காரப் போவதில்லை. நான் செய்ததை நானே சரி செய்கிறேன். கீழே இருப்பதை அவருக்கு வாசித்துக் காட்டு:

“அம்மா, நான் சிவந்தி. அன்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கடவுள் தாய் மாதிரி இல்லை. யார் மாதிரியும் எது மாதிரியும் இல்லை. நம்முடைய எந்தச் சொல்லும் அவருக்குப் பொருந்தாது. தெரியாமல் பேசிவிட்டேன், மன்னியுங்கள்.”

இது உன் மார்க்கத்துக்கும் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ளாதே. நீங்கள் அவனை அருளாளன் என்கிறீர்கள். அருள் என்ற சொல்லை நாம் மனிதர்களிடம் பார்த்துத்தானே தெரிந்துகொண்டோம்? அவன் அருள் மனித அருளைப் போல் கொஞ்சம்கூட இல்லை என்றால், அந்தச் சொல்லைச் சொல்லும்போது நீ என்ன நினைத்துக்கொள்கிறாய்?

இங்கே ஒரு கலாட்டா. திருவொற்றியூர் போகிற வழியில் கடலோரமாக நிற்குமே ரெட்டைப் பனை, பீரங்கி வைக்க இடம் வேண்டும் என்று பட்டாளத்தார் நேற்று அதை வெட்டிவிட்டார்கள். எங்கள் குப்பத்து ஆம்பளைகள் எல்லாரும் போய்ச் சண்டை போட்டார்கள். “ரெண்டு பனைக்கா இந்தப் பேஜாரு?” என்று கேட்டேன். அண்ணன் துரை, “அது பனை இல்லேடி, நம்ம அடையாளம்” என்றான். அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டே, “குடிக்கிறதுக்கு அடையாளமா?” என்றாள். அண்ணன் முறைத்துக்கொண்டு போய்விட்டான்.

உன்
சிவந்தி


786
ஆம்பூர்
18 மே 1942

சிவந்தி,

வாசித்துக் காட்டினேன்.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும், “யாரெப் போலவும் இல்லையா?” என்று கேட்டாள். இல்லையம்மா என்றேன். “அப்போ அழுகைன்னா என்னன்னும் அவனுக்குத் தெரியாது. தெரியாதவன்கிட்டே அழறதுக்குச் செவுத்துகிட்டே அழலாம்” என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். இன்றோடு ஐந்து நாள். அழவும் இல்லை.

முன்பாவது கோபம் இருந்தது. கோபித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. உன்னை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, ஒப்பு இல்லை என்று சொல்லச் சொன்னவள் நான். அது உண்மை. உண்மைதான் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அதை மட்டும் ஒருத்தியிடம் கொடுத்தால் அவள் கையில் ஒன்றுமே இருக்காது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

உன் சந்தேகத்துக்குப் பதில். அருள் என்ற பெயரை அவனே தனக்கு வைத்துக்கொண்டான், நாம் வைக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லும்போது நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டாயே. எனக்கு அம்மை போட்டிருந்தபோது அம்மா என் பக்கத்தில் வேப்பிலையோடு உட்கார்ந்திருந்ததைத்தான் நினைக்கிறேன். வேறு எதை நினைக்க? இப்போது அந்த அம்மாவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

இனி எழுதாதே. எழுதினாலும் அம்மாவுக்கு வாசிக்க மாட்டேன்.

பதுருன்னிசா


காசிமேடு
2 ஜூன் 1942

அன்புள்ள பதுரு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். வாசிக்க மாட்டேன் என்றாய். அது உன் இஷ்டம், ஆனால் நீயாவது படி.

போன திங்கட்கிழமை விடியற்காலையில் கட்டுமரத்தில் போன அண்ணன் அன்று திரும்பவில்லை. அம்மா கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் உச்சிவேளைக்கு வடக்கேயிருந்து வந்து சேர்ந்தான். உதடெல்லாம் வெடித்து, வலை கிழிந்து நாராகத் தொங்கிற்று. அவன் ஒரு சொம்பு தண்ணீர் குடித்து முடிக்கும் வரை நைனா பொறுத்தார்.

“எங்கேடா வலெ போட்டே?”

“நம்ம பார் மேலேதான் நைனா.” பார் என்பது கடலுக்கு அடியில் இருக்கும் பாறை. அங்கேதான் மீன் கூடும்.

“பார்னு எப்படிடா தெரியும்?”

“லைட் அவுசெ மில் பொகபோக்கி மறைச்சுகினு நின்னுது. நீ சொன்ன அடையாளந்தானே?”

“அது காட்டுப்பள்ளி வரிக்கும் மறைச்சுகினுதான்டா நிக்கும்! அந்தக் கோட்டுலே நீ எங்கே நின்னே?”

“ரெட்டைப் பனையெத்தான் வெட்டிப்புட்டானுங்களே, நான் இன்னா பண்றது?”

“வலெயெச் சுருட்டிகினு திரும்பி வர்றது! ரெண்டாவது அடையாளம் இல்லேன்னா எடமே இல்லேடா.”

“அப்போ லைட் அவுசு பொய்யா?”

“அது இன்னாடா பண்ணும்? நின்ன எடத்துலே நிக்குது. நீதான் அத்தே மட்டும் நம்பிகினு பூட்டே.”

அம்மா குறுக்கே வந்து, “நல்லா கத்துங்க ரெண்டு பேரும். ஜப்பான்காரன் இந்தச் சத்தத்தெ வெச்சே வழி கண்டுபுடிச்சு வந்துடுவான்” என்றாள். பிறகு அண்ணன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு அழுதாள்.

எனக்கு விளங்கவில்லை. அண்ணன் கஞ்சி குடிக்கும்போது கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடலில் நின்று கரையைப் பார்த்தால், கலங்கரை விளக்கத்தை மில் புகைபோக்கி மறைக்கும்படி ஒரு கோடு வரும். அந்தக் கோட்டில் எங்கே நின்றாலும் அப்படியேதான் தெரியும். திருவொற்றியூர்க் கோபுரத்துக்கு நேரே ரெட்டைப் பனை வந்து நிற்பது இன்னொரு கோடு. இரண்டு கோடும் எங்கே வெட்டுகிறதோ அங்கேதான் பார். “பார் மேலே ஒரு அடையாளமும் இல்லையா?” என்று கேட்டேன். “பைத்தியம், கடல்லே எவன் கம்பம் நட்டு வெப்பான்? அங்கே வெறும் தண்ணிதான். அடையாளம் பூரா கரையிலேதான் கீது” என்றான்.

பதுரு, நான் கையிலிருந்த அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

புகைபோக்கி செங்கல். கோபுரம் கல். இரண்டும் ஒன்றைப்போல் ஒன்று இல்லை, கடலைப்போலவும் இல்லை. கோபுரத்தின் மேல் எவனும் வலை வீசுவதில்லை, புகைபோக்கியைக் கடல் என்று எவனும் சொல்வதில்லை. ஆனாலும் கரையில் நிற்கிற அவற்றைப் பார்த்துத்தான் கடலில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகிறார்கள். வேறு வழி கிடையாது.

‘தாய்’ என்று நான் சொன்னது பொய் இல்லை. அது கரையில் நிற்கிற நல்ல அடையாளம். ஆனால் அதை மட்டும் கொடுத்து உன் அம்மாவைக் கடலில் விட்டேன். அவர் அந்தக் கோட்டிலேயே நெடுந்தூரம் போய்ப் பிள்ளை பிடிக்கிற தாயிடம் போய்ச் சேர்ந்தார். பிறகு நீயும் நானும் சேர்ந்து, ‘எது மாதிரியும் இல்லை’ என்று அந்த ஒன்றையும் வெட்டிச் சாய்த்தோம். அப்புறம் அவர் எதைப் பார்ப்பார்? சுவரைத்தான் பார்ப்பார்.

அதனால் தாயை நான் திரும்ப நட்டு வைக்கிறேன். இனி மன்னிப்புக் கேட்டு அதைப் பிடுங்க மாட்டேன். வேண்டியது அதைக் குறுக்கே வெட்டுகிற இன்னொரு அடையாளம். என் நோட்டில் இருபத்தாறு எழுதிப் பார்த்தேன்: ராஜா, விளக்கு, காற்று, வைத்தியர், உப்பு. எல்லாம் காசிமேட்டில் உட்கார்ந்து நான் எழுதினவை. உன் அம்மா நிற்கிற இடத்திலிருந்து எது தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக எழுதி அனுப்பி அவரைச் சோதித்துப் பார்க்கவும் மனம் வரவில்லை.

ஆகவே இந்தத் தடவை பதில் ஒன்றும் அனுப்பவில்லை. ஒரு கேள்விதான் அனுப்புகிறேன். அவரிடம் கேள்: “தாய் என்று சொன்னதில் உனக்கு எது ஆகவில்லை?” அவ்வளவுதான். கேட்டுவிட்டு, என்னைப் போல் இல்லாமல், வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இரு.

அவர் பதில் சொல்லும் வரை இதை விடமாட்டேன். நீ பதில் போடாவிட்டாலும் வாரம் ஒரு கடிதம் வரும். தபால்காரர் உன்னைத்தான் திட்டுவார்.

உன்
சிவந்தி


786
ஆம்பூர்
17 ஜூன் 1942

அன்புள்ள சிவந்தி,

உன் கடிதத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்து இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் எடுத்துப் படித்தேன். நீ தாயை ‘நட்டு வைக்கிறேன்’ என்று எழுதியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. உப்பு மாதிரி என்று எழுதிப் பார்த்தாயே, அது அதைவிடப் பிடிக்கவில்லை. ஆனால், புகைபோக்கியைக் கடல் என்று எவனும் சொல்வதில்லை என்றாய் பார், அங்கே என்னால் சண்டை போட முடியவில்லை. ஒப்பு இல்லை என்பதை நான் விடவேண்டியதில்லை. அடையாளம் கரையில், அவன் கரையில் இல்லை. இதை என் மனது ஒத்துக்கொண்டது.

அம்மாவிடம் கேட்டேன். பதில் இல்லை. வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும், ஏனென்றால் நீ ஒரு நாளும் செய்ததில்லை.

வீட்டுக் கிணறு அடிமண் தெரிய வற்றிவிட்டது. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. நேற்று நான் தனியாகத்தான் பாலாற்றுக்குப் போக வேண்டும் என்றதும் அம்மா எழுந்து துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்தாள். உனக்குப் பாலாறு தெரியாது. பேர்தான் ஆறு. கரைக்குக் கரை வெள்ளை மணல், நடந்தால் கால் சுடும். பெண்கள் அங்கங்கே உட்கார்ந்து கையால் பள்ளம் பறித்து, ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் குடத்தில் மொள்வார்கள்.

அம்மாவும் பறித்தாள். முழங்கை ஆழம் வரை உலர்ந்த மணல்தான். அவள் நிறுத்தவில்லை. நகத்தில் ரத்தம் வந்தது. நான் மாற்றிப் பறிக்கிறேன் என்றேன், கேட்கவில்லை. கடைசியில் மணல் கறுத்தது, அடியில் நீர் கசிந்து வந்து ஒரு கையளவு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்:

“எடுத்தான் பாரு, அதுதான் ஆவலே. எந்தத் தாயும் எடுக்க மாட்டா.”

கசிந்த நீரை விரலால் தொட்டாள்.

“இது எடுக்கலே. ஆத்துத் தண்ணியெல்லாம் எங்கே போச்சுன்னு கேட்டா இது பதிலும் சொல்லாது. ஆனா நோண்டினா வருது. நான் யாரு, தொழறவளா தொழாதவளான்னு கேக்காம வருது.”

எனக்கு அவசரம். உன் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. “அப்போ அவன் இந்த ஊத்து மாதிரியாம்மா?” என்று கேட்டுவிட்டேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கிறாள்! “ஊத்துக்கு யூசுபெத் தெரியுமாடி? அவன் பேரு தெரியுமா? தாய்க்குத்தான் பேரு தெரியும்” என்று சீறினாள். சீறிவிட்டுக் கொட்டாங்கச்சியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். “பேரு தெரிஞ்சிருக்கணும். புடுங்கினவளாவும் இருக்கக் கூடாது. அப்படி ஒண்ணெ நான் எங்கேயும் பாத்ததில்லே” என்றாள்.

சிவந்தி, இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் உன் அண்ணன் சொன்ன வெறும் தண்ணீர் இருக்கிறதே, அம்மா அந்த இடத்துக்கு வந்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை.

குடம் நிரம்பியது. தூக்கலாம் என்று குனிந்தேன். அதற்குள் அக்கரையிலிருந்து பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது. அம்மா எழுந்து போகவில்லை. அந்தப் பள்ளத்துத் தண்ணீரில் கையைக் கழுவினாள், வாய் கொப்பளித்தாள், முகத்தைக் கழுவினாள், முழங்கை வரை நனைத்து, தலையைத் தடவி, காலைக் கழுவினாள். துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு மணலிலேயே நின்று தொழுதாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

முடிந்ததும் இரண்டு கையையும் ஏந்தினாள். மெல்லத்தான் கேட்பாள் என்று நினைத்தேன். பக்கத்துப் பள்ளத்துப் பெண்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கக் கேட்டாள். அவள் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன்:

“என்னெக் கேக்காம எடுத்துட்டே. ஏன்னு நீ எனக்குப் பதில் சொல்லணும். சொல்ற வரைக்கும் அஞ்சு வேளையும் வந்து நிப்பேன், விட மாட்டேன். அது இருக்கட்டும். எம் புள்ளைக்கு இருட்டுன்னா பயம். வெளக்கெ அணைச்சுடாதே.”

உன்
பதுரு